மறுக்கப்பட்ட நாற்காலி: பிரமதநாத் போஸின் வாழ்வு தரும் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் கருநிறத்தில் ஒரு கடினமான பாறை வெளியே தெரியும். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இந்தப் பாறையால் ஆனது. ஏரியையும் காபித் தோட்டங்களையும் பார்க்கச் செல்லும் நம்மில் பலர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நிலவியல் படித்தவர்கள் அதைச் சார்னோக்கைட் என்பார்கள்.

அந்தப் பெயரை 1893ஆம் ஆண்டில் சூட்டியவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர். கல்கத்தா நகருக்கு அடித்தளமிட்டவராகச் சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், நம் சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறை வகையைச் சேர்ந்தது. அதனால் சார்னாக்கின் பெயரையே ஹாலண்ட் அந்தப் பாறைக்கு வைத்தார். 1900இல் வெளிவந்த அவருடைய விரிவான ஆய்வில் நம் சேர்வராயன் மலையும் இடம்பெற்றது. அதற்கு முன்பே, 1892இல், சேலம் மாவட்டத்தின் இரும்புத் தாது பற்றியும் அவர் ஓர் அறிக்கை எழுதியிருந்தார்.

1903இல் இந்த ஹாலண்ட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. துறையில் சேர்ந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே துறையில் 23 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் அன்று இருந்தார். வயதிலும் அனுபவத்திலும் ஹாலண்டைவிட மூத்தவர். ஆனால் அவர் இந்தியர். அவரைத் தாண்டித்தான் அந்த நாற்காலி ஹாலண்டுக்குப் போனது.

அந்த மூத்தவரின் பெயர் பிரமதநாத் போஸ்.

மார்க்கம் ஓதிய நாம் ஒரு வங்காள நிலவியலாளரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வேலை செய்யும் இடத்தில் நிறத்துக்காகவும் இனத்துக்காகவும் இழிவுபடுத்தப்படுவது இன்றும் நம் பிள்ளைகள் சந்திக்கும் துன்பம். வளைகுடாவில் கட்டடப் பணி செய்பவரும், பெருநகர அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவரும், ஐரோப்பாவில் ஆய்வு செய்பவரும் ஏதோ ஒரு வகையில் இதை அனுபவிக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் மாறும் முகம், தோல் நிறத்தை வைத்துச் செய்யப்படும் கேலி, ஊரையும் மொழியையும் சொல்லி வீசப்படும் வசைச்சொல், தகுதி இருந்தும் வராத பதவி உயர்வு. இவற்றை எதிர்கொண்டு, கசப்பில் கரைந்து போகாமல் வாழ்ந்து காட்டியவர்களின் வரலாறு நமக்குத் தேவை. அநீதிக்கு ஆளானவர் எந்தச் சமயத்தவர் என்பது இங்கே கேள்வி அல்ல.

கிராமத்திலிருந்து இலண்டன் வரை

பிரமதநாத் போஸ் 1855 மே 12 அன்று வங்காளத்தில் கோபர்டாங்கா அருகே உள்ள கைப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். கிருஷ்ணநகர் கல்லூரியிலும் பிறகு கல்கத்தா புனித சேவியர் கல்லூரியிலும் படித்தார். 1874இல் கில்கிரிஸ்ட் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். அன்றைய இந்தியாவில் மிகச் சிலருக்கே கிடைத்த உதவித்தொகை அது.

1878இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ராயல் சுரங்கவியல் கல்லூரியிலும் தேர்ச்சி அடைந்தார். சிவாலிக் மலைகளில் கிடைத்த ஊனுண்ணி விலங்குகளின் புதைபடிவங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றில் அதுவரை யாரும் விவரிக்காதவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை, 1880இல் இலண்டன் நிலவியல் சங்கத்தின் இதழ் வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 25.

படிப்போடு மட்டும் அவர் நிற்கவில்லை. இலண்டனில் இந்திய மாணவர்கள் நடத்திய இந்தியா சொசைட்டியில் பொறுப்பேற்று, ஆங்கிலேய ஆட்சியின் குறைகளைத் துணிந்து பேசினார். ஆட்சியாளர்களின் ஊரிலேயே இருந்துகொண்டு அவர்களை விமர்சித்த இளைஞர் என்ற பெயர் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

துறையின் வாசலில் இருந்த சுவர்

1880 மே மாதத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உதவிக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தார். அந்தத் துறையின் உயர் பதவி வரிசையில் சேர்ந்த முதல் இந்தியர் அவரே.

அந்தத் துறையின் சூழலை அறிந்தால்தான் இதன் கனம் நமக்குப் புரியும். தாமஸ் ஓல்டாம் என்பவர் 1851இல் அதைத் தொடங்கி வைத்தார். நிலக்கரியும் கனிமமும் எங்கே இருக்கின்றன என்று கண்டறிவது அதன் முதன்மைப் பணி. நம் பகுதிக்கும் அதன் ஆய்வாளர்கள் முன்பே வந்துவிட்டார்கள். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் நிலவியல் அமைப்பைப் பற்றி எழுதிய ஆய்வு 1864இல் வெளிவந்தது. பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தவர் இதே ஃபூட்தான். ஓய்வுக்காலத்தில் அவர் ஏற்காட்டில் வீடு அமைத்துத் தங்கினார். 1912இல் அவர் இறந்த பிறகு அவருடைய சாம்பல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

இவர்கள் காடும் மலையும் ஏறி உழைத்தவர்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த முகாம்களில் இந்தியர்களின் இடம் எது? வழிகாட்டி, சுமைதூக்கி, சமையல்காரர், எழுத்தர். மலையின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள் சுமை தூக்கினார்கள். வரைபடத்தில் கையெழுத்திட்டவர் மட்டும் வெள்ளையர்.

1870களில் ராம் சிங், கிஷன் சிங், ஹீரா லால் ஆகிய மூன்று இந்தியர்கள் பயிற்சியாளர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். ஓல்டாமுக்குப் பின் 1876இல் தலைமைக்கு வந்த ஹென்றி பெனடிக்ட் மெட்லிகாட்டுக்கு இது பிடிக்கவில்லை. இயற்கை அறிவியலில் சொந்தமாக ஆய்வு செய்யும் ஆற்றல் இந்தியர்களுக்கு அறவே இல்லை என்ற கருத்தை அவர் அரசுக்கே எழுதினார். பலவீனமான இந்தச் சகோதரர்கள் நடக்கக் கற்கும் முன் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருடைய வாதம்.

இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். குரல் உயரவில்லை. மேசையைத் தட்டவில்லை. அக்கறையுள்ள பெரியவர் ஒருவர் பேசுவதுபோல் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டு மக்கள் அனைவரின் அறிவையும் அது ஒரே கோட்டில் அடித்துவிடுகிறது. தெருவில் எறியப்படும் வசை அன்றைய மாலையோடு போய்விடலாம். கோப்பில் எழுதப்படும் வசை அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு அதிகாரியின் கையிலும் மீண்டும் உயிர் பெறுகிறது.

1883இல் வந்த இல்பர்ட் மசோதாவையும் இங்கே நினைவில் கொள்வோம். இந்திய நீதிபதிகள் வெள்ளையர்களை விசாரிக்கலாம் என்று ரிப்பன் பிரபுவின் அரசு கொண்டுவந்த மசோதா அது. கல்கத்தா வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் கொதித்தெழுந்தார்கள். இந்தியர்களைக் குறித்து மிக இழிவாகப் பேசினார்கள். அரசு பணிந்து மசோதாவைத் தளர்த்தியது. போஸ் பணியில் சேர்ந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

அதே காலத்தில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1885இல் சேர்ந்த ஜகதீஷ் சந்திர போஸுக்கு, ஆங்கிலேயப் பேராசிரியரைவிடக் குறைந்த சம்பளம்தான் தரப்படும் என்றார்கள். அவர் மூன்று ஆண்டுகள் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தினார். இறுதியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு கிடைத்தது. ஒரே நகரம், ஒரே ஆட்சி, ஒரே நோய். அவர் எதிர்த்து உள்ளே நின்றார். பிரமதநாத்தின் பாதை வேறாக அமைந்தது.

இருபத்து மூன்று ஆண்டு உழைப்பு

பிரமதநாத் போஸ் தம் வேலையைச் செய்தார். நர்மதைப் பள்ளத்தாக்கை ஆராய்ந்து எழுதிய அவருடைய விரிவான அறிக்கை 1884இல் துறையின் வெளியீடாக வந்தது. மத்திய மாகாணங்களில் ராய்ப்பூர், பாலாகாட் பகுதிகளிலும், டார்ஜிலிங், சிக்கிம் மலைகளிலும், அஸ்ஸாமிலும், பர்மாவின் தெனாசரிமிலும் அலைந்தார். நிலக்கரி, செம்பு, இரும்பு என்று எது எங்கே கிடைக்கிறது என்பதைக் குறித்து வைத்தார்.

1887இல் அவர் எழுதிய ஒரு குறிப்பு ராய்ப்பூர் பகுதி இரும்பைப் பற்றியது. தல்லி, ராஜ்ஹரா என்ற குன்றுகளில் வளமான இரும்புத் தாது இருப்பதை அதில் பதிவு செய்தார். துறை அதை அச்சிட்டது. பிறகு அந்தக் குறிப்பு பல ஆண்டுகள் யாருடைய பார்வையிலும் படாமல் கிடந்தது. இந்தக் குறிப்பை நாம் மறந்துவிடாமல் வைத்துக்கொள்வோம். பின்னால் அது பேசப் போகிறது.

வேலைக்கு வெளியேயும் அவர் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்துக்களின் நாகரிகம் குறித்து மூன்று தொகுதிகளாக ஒரு வரலாற்று நூல் எழுதினார். தொழிற்கல்வி இல்லாமல் இந்த நாடு எழ முடியாது என்று தொடர்ந்து வாதாடினார். பிரசிடென்சி கல்லூரியில் நிலவியல் பாடமும் நடத்தினார். வரலாற்றாசிரியரும் பொருளாதார அறிஞருமான ரொமேஷ் சந்திர தத்தின் மகள் கமலாவை அவர் 1882இல் மணந்திருந்தார்.

1903இல் நடந்தது

துறைத் தலைவர் கிரீஸ்பாக் 1903இல் விலகினார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தது. போஸுக்கு அப்போது 48 வயது. அரசு ஹாலண்டைத் தேர்ந்தெடுத்தது.

நியாயமாகப் பேச வேண்டும். ஹாலண்ட் திறமை இல்லாதவர் அல்லர். சார்னோக்கைட் ஆய்வு ஒன்றே அவருடைய பெயரை நிலைநாட்டப் போதும். 1904இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. இன்றும் ஏற்காட்டுப் பாறையைப் படிக்கும் மாணவர் அவருடைய எழுத்திலிருந்துதான் தொடங்குகிறார்.

பாகுபாட்டை அடையாளம் காண்பதில் உள்ள சிக்கலே இதுதான். திறமையற்ற ஒருவரை உயர்த்தினால் எல்லோருக்கும் கண்கூடாகத் தெரியும். திறமையுள்ள ஒருவரை உயர்த்தி, அவரைவிட மூத்த இன்னொருவரை ஒதுக்கும்போது, தகுதி பார்த்தோம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தனி ஒரு நியமனத்தை மட்டும் பார்த்தால் அந்த வாதத்தை உடைப்பது கடினம். ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். 1851இல் தொடங்கிய துறைக்கு ஓர் இந்தியர் தலைவராக நூறு ஆண்டுகள் ஆயின. நூறு ஆண்டுகளில் தகுதியான ஓர் இந்தியர்கூட இல்லை என்று யார் நம்புவார்கள்?

போஸ் தமக்குக் கீழே பணியாற்றியிருக்க வேண்டியவரின் கீழ் பணியாற்ற விரும்பவில்லை. ஓய்வு கேட்டு வெளியேறினார். எதிர்ப்பைக் காட்ட அவருக்கு இருந்த கண்ணியமான வழி அது ஒன்றுதான்.

ஒரு கடிதம்

ஒரிசாவின் மயூர்பஞ்ச் சமஸ்தானம் அவரை வரவேற்றது. மகாராஜா ஸ்ரீராமசந்திர பஞ்ச தேவ் தம் எல்லைக்குள் உள்ள கனிமங்களை ஆராயும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அங்கே கோருமகிசானி என்ற மலையில் மிகப்பெரிய அளவில் உயர்தர இரும்புத் தாது இருப்பதைப் போஸ் கண்டறிந்தார்.

அந்த நேரத்தில் பம்பாயின் ஜம்ஷெட்ஜி டாடா இந்தியாவில் உருக்காலை அமைக்கும் கனவோடு தாதுவைத் தேடிக்கொண்டிருந்தார். 1904 பிப்ரவரி 24 அன்று போஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் இரும்பு இருக்கிறது, அருகிலேயே ஜாரியாவில் நிலக்கரியும் இருக்கிறது என்பது அதன் சாரம். மூன்று மாதங்கள் முடியும் முன்பே, மே 19 அன்று, ஜம்ஷெட்ஜி மறைந்தார். வேலையை அவருடைய மகன் தொராப்ஜி தொடர்ந்தார்.

இங்கேதான் அந்த 1887ஆம் ஆண்டுக் குறிப்பு மீண்டும் வருகிறது. தாது தேடி அலைந்த தொராப்ஜி நாக்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு நிலவியல் வரைபடத்தைப் பார்த்தார். தல்லி, ராஜ்ஹரா குன்றுகளில் இரும்பு இருப்பதை அது காட்டியது. அதற்கு அடிப்படையான ஆய்வு, அரசுப் பணியில் இருந்தபோது போஸ் செய்தது. அமெரிக்க நிலவியலாளர் வெல்டும், பிற்காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான ஷாபுர்ஜி சக்லத்வாலாவும் அந்தக் குன்றுகளுக்குச் சென்று பார்த்தார்கள். தாது இருந்தது. ஆனால் பக்கத்தில் ஏற்ற நிலக்கரியும் தண்ணீரும் இல்லை. அதனால் மயூர்பஞ்சைச் சுட்டிய போஸின் கடிதமே இறுதியில் வென்றது. தல்லி ராஜ்ஹராவும் வீணாகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் பிலாய் உருக்காலைக்குத் தாது தந்தது அந்தக் குன்றுகள்தான்.

1907இல் டாடா இரும்பு உருக்கு நிறுவனம் பதிவானது. அதன் முதலீட்டை இலண்டனில் திரட்ட முடியாமல் போனபோது, சுமார் 8,000 இந்தியர்கள் மூன்றே வாரங்களில் பங்குகளை வாங்கினார்கள். இந்தியர்கள் தரமான தண்டவாளம் செய்தால் ஒவ்வொரு பவுண்டையும் நானே தின்கிறேன் என்ற பொருள்பட ரயில்வே உயர் அதிகாரி ஒருவர் ஏளனம் செய்ததாக அந்நிறுவன வரலாற்றில் சொல்வார்கள். 1912 பிப்ரவரியில் சாக்சியில் முதல் உருக்குப் பாளம் வந்தது. சில ஆண்டுகளில் மூண்ட முதல் உலகப் போரில், மெசபொடேமியா எனப்பட்ட ஈராக் வரை ஆங்கிலேயப் படைகளுக்கான தண்டவாளங்கள் அங்கிருந்துதான் போயின. சாக்சி 1919இல் ஜம்ஷெட்பூர் ஆனது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. சேலத்து இரும்பைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டு சென்று 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஆலை நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. ஹாலண்டும் இதே சேலத்துத் தாதுவை 1892இல் ஆராய்ந்தார். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்ட 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாது இருக்கிறது என்று எழுதி வைப்பது ஒன்று. அது நம் மக்களுக்குப் பிழைப்பாக மாற வேண்டும் என்று தவித்து, உரியவருக்குத் தகவல் சொல்வது வேறொன்று. போஸ் இரண்டாவதைச் செய்தார்.

கல்வியும் கடைசிக் காலமும்

வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது, 1906 ஜூலையில் கல்கத்தாவில் வங்கத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வராகப் போஸ் மதிப்பூதியம் இன்றிப் பொறுப்பேற்றார். எந்த வாசல் தமக்கு அடைக்கப்பட்டதோ, அந்த வாசலுக்குள் அடுத்த தலைமுறை நுழையத் தேவையான படிப்பைக் கொடுக்க முயன்றார். அந்தக் கழகம் வளர்ந்து, 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக மாறியது.

பிறகு ராஞ்சியில் குடியேறி எழுத்தில் மூழ்கினார். நாகரிகங்களின் எழுச்சி, வீழ்ச்சி பற்றிய நூலை 1913இல் வெளியிட்டார். மேற்கத்திய நாகரிகத்தை அப்படியே பின்பற்றுவது நல்லதா என்று கேள்வி எழுப்பி எழுதினார். உருக்காலைக்கு வழிகாட்டியவரே இயந்திர நாகரிகத்தின் எல்லைகளைப் பற்றியும் கவலைப்பட்டார். 1934 ஏப்ரல் 27 அன்று ராஞ்சியில் காலமானார்.

அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1951இல், அவருக்கு மறுக்கப்பட்ட நாற்காலியில் முதல் இந்தியர் அமர்ந்தார். அவர் ஒரு தமிழர். தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன். இந்தியா, பர்மாவின் நிலவியல் குறித்து அவர் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல் ஆனது. இந்தியர்களால் முடியாது என்று மெட்லிகாட் எழுதியதற்கு வேறு மறுப்பு வேண்டியதில்லை.

நமக்கான பாடம்

பிரமதநாத் வாழ்வைப் படித்துவிட்டு, அவமதித்தால் வேலையை விட்டுவிடு என்று மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அவருக்குப் பட்டமும் பெயரும் தொடர்புகளும் இருந்தன. ராம் சிங், கிஷன் சிங், ஹீரா லால் ஆகியோருக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் துரைமார்களின் கீழ் வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. கூலி என்ற சொல் செய்த வேலைக்கான ஊதியத்தைக் குறிப்பது. அதையே மனிதனின் பெயராக்கி, கடல் கடந்த தோட்டங்களிலும் நம் மக்களை அழைத்தார்கள். அவர்களால் ராஜினாமாக் கடிதம் எழுத முடியவில்லை. ஆகவே தாங்கிக்கொண்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. குடும்பத்தின் பசிக்காகப் பல்லைக் கடித்து நிற்பதும் பொறுமைதான்.

ஆனால் பொறுமை என்பது, அந்த இழிசொல் சரிதான் என்று உள்ளுக்குள் ஏற்றுக்கொள்வது அல்ல. போஸ் 23 ஆண்டுகள் அந்தத் துறையில் இருந்தார். ஒரு நாளும் தம் அறிவைப் பற்றி மேலதிகாரி எழுதியதைத் தாமே நம்பிவிடவில்லை. அவருடைய ஒவ்வோர் அறிக்கையும் அதற்கான மறுப்பாக இருந்தது. இதுவே அவரிடம் நாம் கற்க வேண்டிய முதல் பாடம்.

இரண்டாவது, பதிவு. போஸின் உழைப்பு அச்சில் இருந்ததால்தான் பின்னாளில் நாக்பூரில் அது எழுந்து நின்றது. இன்று பணியிடத்தில் இழிவுபடுத்தப்படும் சகோதர சகோதரிகளும் இதைக் கைக்கொள்ளலாம். என்ன சொல்லப்பட்டது, எந்த நாளில், யார் முன்னிலையில் என்பதைக் குறித்து வையுங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். புகாரை வாய்மொழியாக மட்டும் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். நம் அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு, அரசுப் பணியில் சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலையில் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றுக்கொண்டது. இவை இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள்வதே ஒரு பலம்.

மூன்றாவது பாடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அல்ல, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு. அதில் நாமும் அடக்கம்.

நபித்தோழர் அபூதர் (ரலி) ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். ஏசப்பட்டவர் பிலால் (ரலி) என்றும், கறுப்பினப் பெண்ணின் மகன் என்பதே அந்த ஏச்சு என்றும் வேறு சில அறிவிப்புகள் கூறுகின்றன. புகார் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. அபூதரிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்துங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் துணை நில்லுங்கள் என்ற கருத்தில் வழிகாட்டினார்கள். அதன் பிறகு அபூதர் (ரலி) தாம் அணிந்த அதே ஆடையைத் தம் பணியாளருக்கும் அணிவித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஏசியவர் சாதாரண மனிதர் அல்லர். ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற உயர்ந்த தோழர். அப்படிப்பட்டவரிடமே அந்தக் குணத்தின் மிச்சம் இருந்தது என்றால், நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் அது இல்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியுமா? வட மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளியை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்? கறுத்த பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது என்ன யோசிக்கிறோம்? பத்து ஆண்டுகள் உழைத்த பிற சமயத்தவரைத் தாண்டி, நேற்று வந்த உறவினரை மேலாளராக்குகிறோமா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுப்பது அவர்களுக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான்.

ஆங்கிலேய அரசு 1903இல் ஒரு மனிதருக்கு அநீதி செய்தது. அதன் இழப்பு அந்த மனிதருக்கு மட்டும் நேரவில்லை. தன் முதல் இந்திய அதிகாரியைத் துறை இழந்தது. திறமையை அவமதிக்கும் எந்த நிறுவனமும் இறுதியில் தன்னையே ஏழையாக்கிக்கொள்கிறது. அவமதிக்கப்பட்டவர் மனம் தளராவிட்டால், அல்லாஹ்வின் பூமி விசாலமானது. ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்று திறக்கும்.

பணியிடத்தில் கண்ணீரை மறைத்துக்கொண்டு உழைக்கும் ஒவ்வொருவருக்கும் வல்ல இறைவன் கண்ணியத்தைத் தருவானாக. நம் நாவுகளும் நம் கோப்புகளும் யாரையும் இழிவுபடுத்தாமல் அவனே காப்பானாக. ஆமீன்.